இரண்டு பெரியவர், இரண்டு சிறியவர்

கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது
குடும்பச் சலுகை:
இரண்டு பெரியவர், இரண்டு சிறியவர், ஆயிரத்து எண்ணூறு.
நாங்களும் நாலு பேர்தான்.
கூட்டல்தான் வேறு.

"சார் வண்டிய பார்க் பண்றாரா மேடம்?"
சேலத்திலிருந்து மல்லூர் தாண்டி
டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து
நின்றே வந்தவளிடம் கேட்கிறான்,
மீசை அரும்பாத பையன்.
அவனிடம் திருப்பூர்க் கதையைச் சொல்லி
என்ன ஆகப்போகிறது.

சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி
கழுத்து நெடுக சென்டிமீட்டரோடு நிற்கிறது.
நூற்று நாற்பதைத் தாண்டினால் பெரியவர்.
யாரும் சொல்லாமல் தர்சிகா அதனடியில் போய் நின்றாள்.
தைப்பூசத்துக்குப் போகையில்
அரை டிக்கெட்டுக்காக முட்டியை மடக்கி
என் முந்தானைக்குள் ஒடுங்கியவள்
இன்று செருப்போடு, தாடையைத் தூக்கிக்கொண்டு.
நூற்று நாற்பத்து மூன்று.
நூற்றைம்பது ரூபாய் மிச்சத்தில்
நாங்கள் குடும்பமானோம்.

புளிசாதத் தூக்கை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.
"போறப்ப எடுத்துக்கங்க"
மூடியில் சாக்பீஸால் பதினேழு என்று எழுதினார் செக்யூரிட்டி.

லோகுவுக்குத் தலைகீழாகச் சுற்றுவது வேண்டும்.
மகிழனுக்கு வாத்து ரயில், அதுவும் ஏழு முறை.
தர்சிகாவுக்கு இந்த இரண்டு பேரும் இல்லாத
ஏதாவது ஓரிடம்.
எனக்குக் கண் இரண்டுதான்.
வாத்து ரயில் வேலியைப் பிடித்தபடி
அந்தப் பக்கத்து ராட்டினத்தின் அலறலில்
லோகுவின் குரலை மட்டும் பிரித்துக் கேட்டேன்.
கொலுசுப் பட்டறையில் ஒரு குவியல் சலங்கையில்
ஊமை மணியைப் பொறுக்கி எறிகிற காது,
ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு லீவு இல்லை.

ஒன்பது வயதாகிவிட்டதாம், பெண்கள் பக்கம் வரமாட்டானாம்.
ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று
அரை நிமிடத்துக்கு ஒருதரம் "லோகூ" என்கிறேன்.
"ம்."
"லோகூ."
"ம்."
மூன்றாம் முறை வேறு யாரோ ஒருவர் "ம்" என்றார்.
உள்ளே ஒரே சிரிப்பு.

"தம்பியக் கொஞ்சம் புடிச்சுக்கோ."
"தம்பி ஈரத்துணியக் கொஞ்சம்."
"கொஞ்சம்…"
"டிக்கெட்ல பெரியவன்னா இவனுங்களுக்கு நான் அம்மாவா?"
அலைக்குளத்து ஓரத்தில் நின்று கத்தினாள்.
பக்கத்துக் குடும்பத்தின் அப்பா
தன் பாப்கார்னைப் பார்த்துக்கொண்டார்.
நான் பதில் சொல்லவில்லை.
பதில் இருந்தால்தானே.

மூன்றரை மணிக்கு
திராட்சை ஜூஸைச் சட்டையிலேயே வாந்தியெடுத்து
லோகு ஒரு பெஞ்சில் சாய்ந்துவிட்டான்.
மகிழன் என் தோளில் தூங்கினான்.
தர்சிகா அவனைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.
பையைப் பிடுங்கினாள்.
"நீ போ. அந்தப் பெரிய ரயில்ல.
ஒரு தடவ போயிட்டு வா."
முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"ஒத்த ஆளா? பரவால்ல, உக்காருங்க."
இரண்டு பேர் மடிக்கும் சேர்த்து
ஒரே கம்பி இறங்கியது.
பாதிக் கம்பியின் கீழே யாருமில்லை.
பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை,
இழுத்துப் பிடிக்க ஒரு சின்னக் கையும் இல்லை.
என் கைகளை எங்கே வைப்பதென்று
எனக்கே தெரியவில்லை.

உச்சியில் ஒரு நொடி நின்றது.
ஜருகுமலை கைக்கெட்டும் தூரத்தில்,
வடக்கே புகைபோல சேர்வராயன்,
கீழே பெஞ்சில் மூன்று புள்ளிகள்.
எண்ணினேன். மூன்றுதான்.
அப்புறம் விழுந்தேன்.

இறங்கி வந்தபோது தர்சிகா
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
"அம்மா, என்ன கத்துனேன்னு தெரியுமா?
கெட்ட வார்த்த. ரெண்டு தடவ."
லோகு பெஞ்சிலிருந்து எழுந்தே உட்கார்ந்தான்,
"யாரத் திட்டுன?"
"ரயில."
தர்சிகா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பதினேழாம் நம்பர் தூக்கைத் திருப்பி வாங்கி
பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து
நாலு பேரும் ஒரே தூக்கில் கைவிட்டுத் தின்றோம்.
கடைசி நிலக்கடலைக்குச் சண்டை.
பெரியவர்கள் இரண்டு பேரும்
விட்டுக்கொடுக்கவில்லை.